கோடு முழுதாக இருக்கிறது, லைன் இருக்கிறதா?

திருத்தணி வியாபாரம் என்றைக்கும் மாநில எல்லையைப் பார்த்து நடந்ததில்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் நகரி, புத்தூர், இந்தப் பக்கம் அரக்கோணம் என்று இரு புறமும் நமக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆடிக் கிருத்திகை, டிசம்பர் 31 படித் திருவிழா என்று கூட்டம் திரளும் நாட்களில் சரக்கு கேட்டு வரும் ஒரு போன் தவறினால், அந்த ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும்.

ஆளுக்கொரு கைபேசி வந்த பிறகும், பில் புத்தகத்தில் அச்சான பழைய எண்ணுக்கே பேசும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணில் கார்ட்லெஸ் போனைப் பொருத்தி, பேஸைக் கல்லா அருகிலும் ஹேண்ட்செட்டைக் குடோனிலும் வைத்திருக்கும் வணிகர்கள், அதன் திரைக் குறிகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

கைபேசியில் தெரியும் சிக்னல் கோடுகள் வெளியே இருக்கும் கோபுரத்தைப் பற்றியவை. கார்ட்லெஸ் போனில் அப்படியல்ல. ஹேண்ட்செட்டுக்கும் பேஸுக்கும் நடுவே உள்ள தொடர்பை மட்டுமே அவை காட்டும். தெருவில் தொலைபேசிக் கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே நிற்கும்! ஆகவே கோட்டைப் பார்த்து லைன் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. பேசும் பட்டனை அழுத்தி டயல் டோன் கேட்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

கோடு அல்லது ஆண்டெனா குறி மினுக்கினால், ஹேண்ட்செட் பேஸைத் தேடுகிறது என்று பொருள். காரணம் இரண்டு. ஒன்று, தூரம். டெக்ட் வகை போன்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர், தடையில்லாத வெளியில் சுமார் 300 மீட்டர். நம் கடைகளில் இரும்பு ஷட்டர், எண்ணெய் டின் அடுக்கு, ஃபிரிட்ஜ், கான்கிரீட் சுவர் எல்லாம் அந்தத் தூரத்தைக் குறைத்துவிடும். பேஸை பீரோவுக்குப் பின்னால் வைக்காமல், கடைக்கும் குடோனுக்கும் நடுவில் சற்று உயரமாக வைத்தால் பலன் தெரியும்.

இரண்டாவது காரணம், கரண்ட். மின்சாரம் நின்றால் பேஸ் அணைந்துவிடும். பக்கத்திலேயே நின்றாலும் ஹேண்ட்செட் "எல்லைக்கு வெளியே" என்றுதான் காட்டும். பழைய செம்புக் கம்பி லைனில் சாதாரண வயர் போன் எக்ஸ்சேஞ்ச் தரும் மின்சாரத்திலேயே வேலை செய்யும். அதை ஒன்று கைவசம் வைத்திருப்பது நல்லது. ஃபைபர் இணைப்பு பெற்றவர்களுக்கு மோடத்துக்கும் கரண்ட் வேண்டும். பேஸ், மோடம் இரண்டையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட வேண்டும்.

பேட்டரி குறி மினுக்கினால் சார்ஜ் போதவில்லை. இரவெல்லாம் வைத்தும் ஏறவில்லை என்றால், உடனே புது பேட்டரி வாங்க வேண்டாம். மாவுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சார்ஜ் முனைகளில் படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மாற்றுவதானால் சார்ஜ் ஏறும் வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண செல் போட்டுச் சார்ஜில் வைப்பது ஆபத்து.

"லைன் உபயோகத்தில்" என்ற விளக்கோ எழுத்தோ சில மாடல்களில் உண்டு. யாரும் பேசாதபோதும் அது தெரிந்தால், அதே லைனில் உள்ள வேறு போனின் ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. அழைப்பவருக்கோ எங்கேஜ்டு ஒலிதான் கேட்கும்.

பழுது எங்கே என்று அறிய எளிய வழி இது. பேஸில் உள்ள பேஜ் பட்டனை அழுத்துங்கள். ஹேண்ட்செட் ஒலித்தால் இரண்டுக்கும் தொடர்பு சரி. அப்புறமும் டயல் டோன் இல்லையென்றால், அதே சாக்கெட்டில் வயர் போனை மாட்டுங்கள். அதிலும் இல்லையென்றால் தொலைபேசி நிறுவனத்துக்குப் புகார் செய்யலாம். வயர் போனில் டோன் வந்தால் ரிப்பேர்க்காரரிடம் போக வேண்டியது பேஸ்தான்.

பல கிலோமீட்டர் எட்டும் என்று சொல்லி விற்கும் கருவிகளை நம்பி வாங்க வேண்டாம். அவற்றுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

தினமும் கடை திறந்ததும் தராசைச் சரிபார்ப்பதுபோல, ஒரு முறை டயல் டோனையும் கேட்டுவிடுவது நமக்கு நல்லது.