மறதி அவள் குற்றமல்ல

புற்றுநோய்க்கு மருந்தேற்றி வீடு திரும்பிய ஒரு தாய், அடுப்பில் பால் வைத்ததை மறந்து விடுகிறார். நாவின் நுனியில் நிற்கும் சொல் வெளியே வர மறுக்கிறது. தொழுகையில் இது இரண்டாவது ரக்அத்தா, மூன்றாவதா என்று தடுமாறுகிறார். உடனே வீட்டில் பேச்சு எழுகிறது. "உம்மாவுக்குப் புத்தி தடுமாறிட்டு" என்கிறார் ஒருவர். "கண்ணூறுதான்" என்கிறார் மற்றவர்.

சகோதரிகளே! இப்படி அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நோயை அழிக்க ஏற்றப்படும் மருந்து மூளையையும் தொடக் கூடும்.

இரத்தத்தில் கலந்துள்ள நச்சுப் பொருட்கள் மூளைக்குள் நுழையாதபடி அல்லாஹ் ஒரு தடுப்பை அமைத்திருக்கிறான். பல மருந்துகள் அதைத் தாண்டுவதில்லை. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட், புளோரோயுராசில் போன்றவை ஓரளவு உள்ளே செல்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் எலிகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் மூளையின் காவல் கலங்களை நெடுநாள் கிளறி விட்டு, நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள கொழுப்புறையைப் பாதிப்பது தெரிந்தது. அந்த உறை குறைந்தால் செய்திகள் தாமதித்தே போய்ச் சேரும். இவற்றுடன் இரத்தச் சோகை, தூக்கமின்மை, மனக்கவலை என்பனவும் சேர்ந்து கொள்கின்றன.

பெரும்பாலானோருக்கு இந்த மந்தம் சிகிச்சை முடிந்து சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு முன்னர் சிகிச்சை பெற்ற 196 பெண்களை நெதர்லாந்தில் பரிசோதித்து 2012இல் வெளியிட்டார்கள். சுமார் இருபது வருடங்களின் பின்னரும் அவர்களது ஞாபகத்திலும் சிந்தனை வேகத்திலும் சிறிய குறைவு காணப்பட்டது.

இனி, தாமதிக்கக் கூடாத நிலையைக் கவனியுங்கள். இபோஸ்பமைட் என்ற மருந்து ஏற்றிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிலர் உளறத் தொடங்குவர்; இல்லாததைக் காண்பர்; எழுப்பினாலும் விழிக்காமல் உறங்குவர். கூடிய அளவில் ஏற்றப்படும் சைட்டராபின் சிறுமூளையைத் தாக்கினால் நடை தள்ளாடும், பேச்சுக் குளறும். இதை ஜின்னின் தீண்டல் என்று எண்ணி, தாயத்துக்கும் தண்ணீர் ஓதவும் ஓடித் திரிந்தால் பொன்னான நேரம் வீணாகும். இபோஸ்பமைட்டினால் வந்த குழப்பம் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் தெளிந்து விடுகிறது. ஆனால் அதை வைத்தியர் அறிந்தால்தானே நிறுத்துவார்! எனவே திடீர்க் குழப்பம், வலிப்பு, பார்வை மங்கலுடன் கடும் தலையிடி, காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும். துஆவை வழியிலும் கேட்கலாம். என்ன மருந்து, எப்போது ஏற்றியது என்ற துண்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

சாதாரண மறதிக்கு வீட்டிலேயே உதவலாம். செய்ய வேண்டியதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வையுங்கள். கிளினிக்குக்கு ஒருவர் துணையாகச் செல்லுங்கள். அவர் சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இயன்ற அளவு நடப்பதும் நல்ல தூக்கமும் பயன் தரும். வைத்தியரைக் கேட்காமல் சிகிச்சையை நிறுத்தவோ, நாட்டு மருந்து சேர்க்கவோ வேண்டாம்.

தொழுகையைப் பற்றி அவர் கலங்கினால் ஆறுதல் சொல்லுங்கள். ரக்அத்தில் சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை வைத்துக் கொண்டு மீதியை நிறைவேற்றி, ஸலாம் கொடுக்கு முன் ஸஹ்வுடைய இரண்டு ஸஜ்தாச் செய்தால் போதுமானது. நோயாளிக்கு நோன்பிலும் சலுகை உண்டு. சுயநினைவு தவறிய நேரத்துக்காக அவரை யாரும் குறை கூற முடியாது.

வருடக் கணக்கில் உங்கள் ஒவ்வொருவரின் தேவையையும் ஞாபகம் வைத்திருந்தவர் அவர். இப்போது அவருக்காக நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள். கேட்டதையே அவர் பத்துத் தடவை கேட்டாலும், பத்தாவது தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.