பொறியியல் கல்லூரி: சேர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறக்குமா என்று டெல்டா விவசாயி எதிர்பார்த்திருக்கும் அதே வாரங்களில்தான், வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி தேடும் வேலையும் வந்து சேருகிறது. பொறியியல் கலந்தாய்வு பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடைபெறும். முதல் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் கையில் இருப்பது சம்பா நாற்றங்காலுக்கும் அடியுரத்துக்கும் ஒதுக்கிய பணமாகவே இருக்கும். சம்பா நெல் விற்ற பணம் வருவதற்குத் தை, மாசி ஆகிவிடும். இந்த இடைவெளியில்தான் நகையும், சில வீடுகளில் நிலமும் அடமானத்துக்குப் போகின்றன.

பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, எத்தனை மூட்டை உரம் என்று கணக்குப் பார்த்து இறங்கும் விவசாயி, நான்கு ஆண்டுப் படிப்பில் இறங்கும்போது முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சேர்த்து விடுகிறார். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நான்கு ஆண்டுச் செலவு

தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு உச்ச வரம்பு விதிக்கிறது. 2017-ல் வகுத்தபடி, கலந்தாய்வு வழியே சேருவோருக்குத் தரச்சான்று இல்லாத பாடப்பிரிவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று உள்ள பிரிவில் 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் முறையே 85,000, 87,000 ரூபாய். சேரும் ஆண்டில் எந்த வரம்பு நடப்பில் உள்ளது என்பதைக் கலந்தாய்வு உதவி மையத்தில் கேட்டறிய வேண்டும். இதற்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வருவதில்லை. அவற்றின் கட்டணம் தனி.

கல்விக் கட்டணம் செலவில் ஒரு பகுதிதான். கல்லூரிப் பேருந்து, விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி என்று மற்றவை தனித்தனியே வரும். எடுத்துக்காட்டாக, கல்விக் கட்டணம் 50,000, பேருந்து 30,000, மற்றவை 20,000 என்று வைத்தால் வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கே ஆண்டுக்கு ஒரு லட்சம். நான்கு ஆண்டுக்கு நான்கு லட்சம். விடுதியில் சேர்த்தால் இன்னும் கூடும்.

இதை நிலத்தின் வரவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக நெல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இரண்டரை ஏக்கரில் ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் மொத்த வரவு 1,18,450 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திரக் கூலி போக மிஞ்சுவது எவ்வளவு என்பது விவசாயிக்குத் தெரியும். ஒரு போகத்து லாபம் ஓராண்டுக் கல்லூரிச் செலவைத் தாங்காது.

ஆகவே கட்டணம் குறைந்த இடங்களை முதலில் பார்ப்பதே முறை. செங்கிப்பட்டி, ஸ்ரீரங்கம், போடி, பர்கூர், தருமபுரி போன்ற இடங்களில் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டுக்கோட்டை, திருக்குவளை, அரியலூர், பண்ருட்டி ஆகிய ஊர்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உண்டு. இவற்றில் கட்டணம் தனியார் கல்லூரியைவிடப் பெரிதும் குறைவு. கட்டடம் பளபளப்பாக இல்லை என்று இவற்றைத் தள்ளிவிட்டுப் பெயர்ப் பலகை பெரிதாக உள்ள இடத்தில் சேர்ப்பது சரியான முடிவாகாது.

சலுகைகளைத் தவற விடலாகாது

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைக் கடைசி இரண்டு ஆண்டு கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்போர் பலர். அவர்கள் இந்த வாய்ப்பை முழுவதும் இழக்கிறார்கள். வீட்டில் சிறிய பிள்ளைகள் உள்ளவர்கள் இதை இப்போதே நினைவில் கொள்வது நல்லது.

குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லையெனில், முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டினால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். அண்ணனோ அக்காளோ பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு இச்சலுகை இல்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேற்படாத ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'பிரகதி' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். விண்ணப்பித்தவர் அனைவருக்கும் கிடைத்துவிடாது. மதிப்பெண் பார்த்தே தேர்வு செய்வார்கள்.

இவற்றில் முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே சேருவோருக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடத்தை முன்கூட்டியே பணம் கட்டிப் பிடித்துவிட்டால், கட்டணமும் கூடுகிறது, சலுகையும் போகிறது.

கல்விக் கடன்: வட்டி எப்படி ஏறுகிறது

வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீனோ, கைப்பணமோ கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பல பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை சுமார் 5,800 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் கட்டுவது 10 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இங்கேதான் தரச்சான்று பணமாக மாறுகிறது. 2009-10-ல் தொடங்கிய மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசு ஏற்கிறது. சிறு விவசாயிகள் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வருவார்கள். ஆனால் கல்லூரி 'நாக்' தரச்சான்று பெற்றிருக்க வேண்டும், அல்லது சேரும் பாடப்பிரிவு 'என்.பி.ஏ.' சான்று பெற்றிருக்க வேண்டும். மானியம் கிடைத்தால் மேலே சொன்ன 1,40,000 ரூபாய் வட்டி ஏறாது. கடன் நான்கு லட்சமாகவே நிற்கும். பத்து ஆண்டுத் தவணை சுமார் 5,290 ரூபாய்தான். மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம் என்றால், பத்து ஆண்டில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். தரச்சான்று உள்ள பிரிவில் கட்டணம் ஆண்டுக்கு 5,000 கூடுதல் என்பதற்காக மறுபக்கம் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். படிப்பை நடுவில் விட்டவருக்கு மானியம் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டம் வேறு. அது தேர்ந்தெடுத்த சில நூறு உயர்தரக் கல்வி நிறுவனங்களுக்கே பொருந்தும். பிள்ளைக்குக் கிடைக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று வங்கியிலேயே கேட்டறியலாம்.

மானியம் கிடைக்காதவர்கள் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வரலாம். ஒரு லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய் ஆகும். ஆண்டுதோறும் கடன் கூடக் கூட இதுவும் கூடும். பால் மாடு வைத்திருக்கும் வீட்டில் இதற்கென ஒரு வழி கிடைக்கும். இப்படிக் கட்டுவோருக்குச் சில வங்கிகள் ஒரு சதவீத வட்டி குறைக்கின்றன.

கல்விக் கடனில் தந்தையோ தாயோ இணைக்கடன்தாரர் ஆகிறார். பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் தவணை தவறினால், அது தந்தையின் கடன் வரலாற்றிலும் பதிவாகும். பிற்பாடு பயிர்க்கடனுக்கோ டிராக்டர் கடனுக்கோ அவர் போய் நிற்கும்போது அது குறுக்கே வரும்.

பயிர்க்கடனில் கை வைப்பது

இதைவிடக் கேடானது ஒன்று உண்டு. பயிர்க்கடனையும், பயிருக்கென வாங்கிய நகைக்கடனையும் கல்லூரிக் கட்டணத்துக்குத் திருப்பி விடுவது. வட்டி குறைவு என்பதால் இந்த ஆசை வருகிறது. உழவர் கடன் அட்டையில் 7 சதவீத வட்டி, உரிய காலத்தில் கட்டினால் 4 சதவீதம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தவணை தவறாவிட்டால் வட்டியே இல்லை. ஆனால் இவை அறுவடை முடிந்ததும் திருப்பிக் கட்டும் குறுகிய காலக் கடன்கள். கல்லூரிப் படிப்பு ஆறு மாதத்தில் அறுவடைக்கு வராது. தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும், அடுத்த பருவத்துக்குக் கடனும் கிடைக்காது. உரக்கடையில் கடன் சொல்ல வேண்டிவரும். கல்விக்குக் கல்விக் கடன், பயிருக்குப் பயிர்க்கடன் என்று பிரித்தே வைக்க வேண்டும்.

அட்டையைப் படித்து விதை வாங்குவது போல

சான்று விதையின் நீல அட்டையில் முளைப்புத்திறன் அச்சிட்டிருக்கும். நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம். நூறு விதையை எண்ணிப் போட்டு எடுத்த கணக்கு அது. கல்லூரி விளம்பரத்தில் வரும் '90 சதவீத வேலைவாய்ப்பு' அப்படி எடுத்த கணக்கா என்று கேட்க வேண்டும். ஒரு வகுப்பில் 60 பேர். அரியர் இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர் 20 பேர். அதில் 18 பேருக்கு வேலை. விளம்பரத்தில் இது 90 சதவீதம். தந்தையின் கணக்கில் 60-க்கு 18, அதாவது 30 சதவீதம்.

உண்மையை அறிய வழி உண்டு. மத்திய அரசின் தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், எத்தனை பேர் படிப்பை முடித்தனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடு நிலையிலுள்ள மாணவனின் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்பதைத் தம் இணையதளத்தில் வெளியிடுகின்றன. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. வீட்டில் பிள்ளையே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடும்.

அந்த நடுநிலைச் சம்பளத்தில் தவணை கால் பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நலம். மாதத் தவணை 7,140 என்றால் சம்பளம் 28,000 ரூபாயாவது வேண்டும். முதல் சம்பளம் 15,000 என்றால் பாதி வங்கிக்குப் போய்விடும். நகரத்தில் அறை வாடகையும் சாப்பாடும் மீதியில் அடங்கா. அப்படிப்பட்ட கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், கடனைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதோ, வேறு படிப்பைப் பார்ப்பதோ மேல்.

கல்லூரியை ஒரு முறை நேரில் பார்ப்பது அவசியம். திறப்பு விழா அன்று போய்ப் பயனில்லை. வேலை நாளில் போக வேண்டும். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டிய முறைகேடு 2024-ல் வெளிவந்து, அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. வகுப்பில் ஆசிரியர் நிற்கிறாரா, ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் ஓடுகிறதா, தூசு படிந்து கிடக்கிறதா என்பது வயலில் வேலை செய்த கண்ணுக்கு உடனே தெரியும். வாசல் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவனிடம் பேசினால் மேலும் தெரியும்.

பிள்ளைக்கு ஏற்ற படிப்பா?

சின்ன வெங்காயம் விலை ஏறிய பருவத்தில் ஊர் முழுவதும் வெங்காயம் நட்டு, அறுவடையில் விலை சரிந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. பாடப்பிரிவிலும் இதே நடக்கிறது. 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் இயந்திரவியலுக்கும் கட்டடவியலுக்கும் கடும் போட்டி இருந்தது. பின்னர் பல கல்லூரிகளில் அப்பிரிவுகளில் இடம் நிரம்பவில்லை. இப்போது எல்லோரும் கணினிப் பிரிவைத் தேடுகிறார்கள். இன்று நடுவது நான்கு ஆண்டு கழித்துத்தான் சந்தைக்கு வரும்.

கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு எந்தப் பொறியியல் பிரிவும் எளிதல்ல. முதல் பருவத்திலேயே கணிதம் வருகிறது. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைக்கு முதல் ஆண்டு ஆங்கிலம் பாரமாக இருக்கும். அது கடக்கக்கூடிய பாரம். கணிதத்தில் விருப்பம் இல்லாததைக் கடப்பது அரிது. மோட்டார் பம்பைப் பிரித்து மாட்டும் கை உள்ள பையனுக்கு பாலிடெக்னிக் நல்ல வழி. பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் விரும்பினால் பொறியியலிலும் நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஓராண்டு கூடுதலாகும், ஆனால் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே யோசிக்க அவகாசம் உண்டு. நிலத்தோடு ஒட்டிய படிப்பு வேண்டுவோர்க்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், குமுளூர் கல்லூரிகளில் வேளாண்மைப் பொறியியல் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தனி.

விருப்பப் பட்டியலும் சான்றிதழும்

கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளை எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். வரிசைதான் முக்கியம். பட்டியலில் மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளவை பார்க்கப்படமாட்டா. சேரவே விரும்பாத கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதினால் அதுவே ஒதுக்கப்படக்கூடும். சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், 200-க்கு எத்தனை கட்-ஆப் வரை இடம் போயிற்று என்பது கலந்தாய்வு இணையதளத்தில் உள்ளது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள உதவி மையத்தில் பதிவு செய்ய உதவுகிறார்கள். தெருமுனையில் உள்ளவருக்குப் பணம் கொடுத்து அவர் எழுதித் தரும் பட்டியலில் கையெழுத்திட வேண்டாம்.

மே மாதம் பிறந்தால் கிராமங்களில் முகவர்கள் வருவதுண்டு. அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு 'இடம் உறுதி' என்பார்கள். சான்றிதழ் அவர் கையில் போனபின் வேறு கல்லூரியில் இடம் கிடைத்தாலும் போக முடியாது தவிக்க நேரும். கல்லூரியே ஆனாலும் அசல் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டும் என்பதே விதி.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு நகர நாளாகும். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஏப்ரலிலேயே வாங்கி வைக்கலாம். இடம் ஒதுக்கப்பட்டதும் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் நான்கு ஆண்டுக் கட்டண விவரக் கடிதம், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கமாகக் கணக்கு வைத்துள்ள வங்கிக் கிளைக்குப் போகலாம். வட்டி மானியத்துக்கான விண்ணப்பத்தையும் அன்றே சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைக்க வேண்டும். கட்டணத் தொகையை வங்கி நேராகக் கல்லூரிக்கே அனுப்பும்.