இரண்டு அங்கி உள்ளவன்

திருவருகைக் காலம் பிறந்துவிட்டது. பீடத்தில் ஊதா நிறம். ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ கீதம் ஒலிப்பதில்லை. கடைவீதியிலோ வண்ணத்தாள் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. துணிக்கடைகளில் கூட்டம் நெரிகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம், பலகாரத்திற்கு மாவு அரைக்கிறோம். இவற்றில் தவறு ஏதுமில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சி இறைவனுக்கும் உகந்ததே. ஆயினும், சுவருக்கு வெள்ளையடித்து உள்ளத்தை ஒட்டடையோடு விட்டுவைப்போமாயின், வருகின்ற ஆண்டவரை எங்கே அமர்த்துவோம்?

முன்னோர் காத்த நோன்பு

5-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள தூர்ஸ் நகரின் ஆயர் பெர்ப்பெத்துவுஸ், புனித மார்த்தினார் திருநாளாகிய நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்பு விழா வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு காக்க ஒழுங்கு செய்தார். மார்த்தினார் யார் என்பதை நாம் அறிவோம். போர்வீரராக இருந்த நாளில், அமியேன் நகர வாயிலில் குளிரால் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரு கூறாக்கி ஒன்றை ஈந்தவர். அப்போது அவர் திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை. 440 முதல் 461 வரை பாப்பரசராக விளங்கிய பெரிய சிங்கராயரும், டிசம்பர் மாத நோன்புப் பிரசங்கங்களில், நோன்பையும் ஏழைகளுக்கு இடும் பிச்சையையும் பிரிக்கலாகாது என்று போதித்தார். இன்று இக்காலத்திற்கென நோன்புக் கட்டளை ஏதுமில்லை. கட்டளை நீங்கியதால் கடமையும் நீங்கிவிட்டதென்று நாம் எண்ணிவிடலாகாது.

“நாங்கள் என்ன செய்யவேண்டும்?”

மூன்றாண்டுக்கு ஒருமுறை, இக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று லூக்காஸ் நற்செய்தியின் 3-ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. யோர்தான் கரையில் திருமுழுக்கு அருளப்பரிடம் மக்கள் இக்கேள்வியைக் கேட்கின்றனர். அவர் யாரையும் பாலைவனத்துக்கு அழைக்கவில்லை. தம்மைப்போல் ஒட்டக மயிராடை உடுத்தும்படி சொல்லவுமில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனோடு பகிரட்டும் என்றார். ஆயக்காரர் விதித்த வரிக்குமேல் வாங்கலாகாது. படைவீரர் எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காமல் ஊதியத்தில் நிறைவடையவேண்டும். அவரவர் தொழிலே அவரவர்க்கு ஆன்ம சோதனைக் களம் என்று காட்டிவிட்டார்.

அக்கேள்வியை நாமும் கேட்போம். கடை வைத்திருப்போர் தராசின்முன் நின்று கேட்கட்டும். அலுவலகத்தில் இருப்போர், ஒரு கையெழுத்துக்காகப் பலமுறை அலைந்த ஏழையை நினைத்துக் கேட்கட்டும். வீட்டுப் பணியாளின் கூலியை விழாச் செலவைக் காட்டித் தள்ளிப் போட்டிருக்கிறோமா? வரப்புத் தகராற்றில் உடன்பிறந்தவரோடு பேசாமலேயே எத்தனை கிறிஸ்து பிறப்பு விழாக்களைக் கொண்டாடியிருக்கிறோம்?

நம் வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளுக்காகத் துணி திரட்ட வந்தனர். பெட்டியின் அடியில் கிடந்த பொத்தானற்ற சட்டைகள் இரண்டையும், சாயம் போன சேலை ஒன்றையும் மடித்துக் கொடுத்து, மனநிறைவோடு கதவைச் சாத்தினோம். அருகில் நின்ற சிறுமி கேட்டாள்: “இதை நாம போட்டுக்க மாட்டோமே, அவங்க மட்டும் எப்படிப் போட்டுக்குவாங்க?” விடை சொல்ல நா எழவில்லை. பெட்டியில் இடம் உண்டாக்கிக்கொண்டதையே நாம் கொடை என்று எண்ணியிருந்தோம். மார்த்தினார் பகிர்ந்ததோ தாம் அணிந்திருந்ததை.

எனவே இவ்வாண்டு ஒன்று செய்யத் துணிந்துள்ளோம். வாசகக் குடும்பங்களையும் அழைக்கிறோம். ஒரு நாள் இரவு செபம் முடிந்தபின் அனைவரும் கூடி அமர்வோம். முதலில் சற்று மௌனமாக ஆன்ம சோதனை. தாமதித்த கூலியும் திருப்பாத கடனும் மறுநாளே தீர்க்கப்படட்டும். அவை கொடையாகா, நீதியின் கடன். பின்னர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த நல்ல ஆடை ஒன்றைத் தாமே எடுத்து வைக்கட்டும். வாங்குபவர் நாணாதபடி துவைத்து, மடித்து, இயன்றால் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். அதன்பின் பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகுவோம். பெத்லகேமில் இடமின்றி நின்றவருக்கு, வெறுமையான பெட்டியிலும் இலேசான உள்ளத்திலும் இடம் கிடைக்கும்.