சர்க்யூட்டை எழுதி வைத்தால்

2025 பிப்ரவரியில், ‘ஐரிஸ்’ என்ற விண்வெளி சிப் வெற்றிகரமாக இயங்கியதாக சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் அறிவித்தன. சிப் உருவானது சண்டிகரில். அது உட்காரும் போர்டு தயாரானது குஜராத்தில். பாகங்களைப் பொருத்தியது சென்னையில். அதன் மையத்தில் இருப்பது பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ ப்ராசஸர். சக்தியைப் படமாக வரையவில்லை. ‘புளூஸ்பெக்’ என்ற மொழியில் வரிவரியாக எழுதினார்கள். விண்வெளிக்கு வேண்டிய, சிப் உறைந்தால் மீண்டும் இயங்கவைக்கும் வாட்ச்டாக் டைமர் போன்ற பகுதிகளையும் அதனோடு இணைத்தார்கள்.

சிப்புகளை எழுதும் வெரிலாக், வி.எச்.டி.எல். மொழிகள் 1980களிலேயே வந்துவிட்டன. சிப்பைத் தாங்கும் போர்டு மட்டும் இன்றும் பெரும்பாலும் படம்தான். படத்தில் என்ன குறை?

மேலூர்ப் பக்கம் வயலோரம் நிற்கும் ஒரு சோலார் விளக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே 12 வோல்ட் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். அதை அளக்கும் குட்டி சிப் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இரண்டு ரெசிஸ்டர் போட்டு மின்னழுத்தத்தைக் குறைக்கிறோம்: மேலே 36 கிலோ ஓம், கீழே 10. கணக்குப்படி 3.13 வோல்ட். சரிதானே? ஆனால் கடையில் கிடைக்கும் ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். மேலது குறைந்து கீழது கூடினால் 3.38. எல்லை தாண்டிவிட்டது. 39 போட்டால் மோசமான நிலையிலும் 3.18தான்.

ஏன் 39 என்பது படத்தில் எங்கும் இல்லை. வரைந்தவர் மனதில் இருக்கிறது. படத்தை நகலெடுப்பவருக்கு எண் கிடைக்கும், காரணம் கிடைக்காது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

‘அடோபைல்’ போன்ற புதிய மொழிகள் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. இரண்டு ரெசிஸ்டர்களையும் சேர்த்து ஒரு மாட்யூலாகப் பெயரிட்டு, இணைப்பை எழுதி, ‘வெளியே வருவது 3.3ஐத் தாண்டக்கூடாது’ என்ற நிபந்தனையையும் அதற்குள்ளேயே எழுதிவிடலாம். கூடக்குறைய வரும் 5 சதவீதத்தையும் சேர்த்துக் கணினியே சரிபார்க்கும். போர்டில் செம்புத் தடம் இழுப்பது மட்டும் இன்னும் பெரும்பாலும் மனிதர் வேலை.

மதுரைப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட்டுகள் இப்படி எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. சீனியர்கள் சோதித்த மாட்யூல் நிபந்தனையோடு ஜூனியர் கைக்கு வரும். அவர் 24 வோல்ட் பேட்டரிக்கு அதை எடுத்தால், 39 போதாது என்று போர்டு அச்சாகும் முன்பே தெரிந்துவிடும்.