தூர வழிக்கு ஏற்ற எஃகுச் சைக்கிள்

சாய்ந்திருந்த இலிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்று பெரிய புராணம் போற்றும் திருப்பனந்தாளில் நின்றுகொண்டு சாய்வின் பெருமையைப் பேசுவது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஆயினும், கும்பகோணத்துக்கும் அணைக்கரைக்கும் பூம்புகாருக்கும் சைக்கிளிலேயே அலுப்பின்றிப் போய்வர விரும்புகிறவர், கடையில் வண்டியின் வர்ணத்தையும் கனத்தையும் ஆராய்வதற்கு முன்னால், அதன் குழாய்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதையே கவனிக்க வேண்டும்.

1949ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய சென்னை அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் என்ற பெயரோடு வெளிவந்து, நெல் மூட்டையையும் புல்லுக் கட்டையும் சுமந்து நம் வாய்க்கால் கரைகளில் எல்லாம் ஓடிய கறுப்புச் சைக்கிளைப் பாருங்கள். அதன் ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாய் தரையோடு ஏறக்குறைய 68 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும். பந்தயச் சைக்கிளிலோ அது 73 பாகை அளவுக்கு நிமிர்ந்து நிற்கும். இந்தச் சிறு வித்தியாசத்தின் விளைவு பெரிது. சாய்வு மிகும்போது இரு சக்கரங்களும் விலகி, அச்சுக்கு அச்சு 45 அங்குல அளவுக்கு இடைவெளி உண்டாவதால், பின்சக்கரம் பள்ளத்தில் விழும் அதிர்ச்சி நேராக முதுகெலும்பைத் தாக்குவதில்லை. சாய்ந்து முன்னே வளைந்த போர்க்கும், மேடுபள்ளங்களில் சிறிது நெகிழ்ந்து, கைகளுக்கு வரும் அதிர்வைக் குறைக்கிறது.

எஃகு வளைந்து கொடுப்பதனாலேயே பிரயாணம் சுகமாகிறது என்று பலர் சொல்வதுண்டு. அது முழுவதும் சரியன்று. இரண்டு முக்கோணங்களாகப் பிணைக்கப்பட்ட பிரேம், எந்த உலோகத்தால் ஆனதாயினும், மேலிருந்து அழுத்தும் பாரத்துக்கு மிகச் சொற்பமாகவே இசைந்து கொடுக்கும். அதிர்வை வாங்கிக்கொள்ளும் வேலையைப் பெரும்பாலும் செய்வது, 1888இல் பெல்பாஸ்டு நகரத்து டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரேயாகும். ஆகவே ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குறையாத டயரைத் தேர்ந்து, கல்லைப்போல் இறுகும்வரை காற்றடிக்காமல் விடுவது, விலையுயர்ந்த பிரேமைக் காட்டிலும் அதிக சுகம் தரும்.

எனில் எஃகு எதற்கு? உலோகங்கள் ஓயாத அதிர்வினால் களைத்து ஒடியக்கூடியவை. ஒரு வரம்புக்குட்பட்ட அதிர்வை எஃகு எத்தனை காலமும் தாங்கும், அலுமினியத்துக்கோ அத்தகைய வரம்பு கிடையாது. மேலும், பழைய வகைப் பிரேம்களில் குழாய்களை லக்கு எனும் இணைப்புகளுக்குள் செருகி, எஃகு உருகாத வெப்பத்தில் பித்தளையை உருக்கிப் பாய்ச்சியே பற்றவைத்திருப்பதால், வழியில் முறிந்தாலும் கேஸ் வெல்டிங் பட்டறை உள்ள எந்த ஊரிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். எஃகின் சத்துரு துரு ஒன்றே. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குழாய்க்குள் இறங்கும் நீர் பெடல் அச்சின் அருகே தங்கிவிடுவதால், மழைக்காலம் முடிந்ததும் ஓவராயில் செய்து பால்ஸுக்குப் புதுக் கிரீஸ் வைப்பது அவசியம்.

அடுத்தது, சரீரத்துக்கு ஏற்ற அளவு. இப்பெரிய சைக்கிள்களில் 22 அங்குலம், 24 அங்குலம் என்ற இரு பிரேம் அளவுகள் பிரசித்தம். பிரேமின் மேல்குழாயான பாரின் இருபுறமும் பாதங்களைத் தரையில் முழுதும் ஊன்றி நிற்கையில், பார் உடலைத் தொடாமல் ஓரிரு அங்குலம் தாழ்ந்திருந்தால் அளவு பொருத்தமாகும். பிறகு சீட்டில் அமர்ந்து, கீழிறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளுமாறு சீட்டை உயர்த்த வேண்டும்; விரலடிப் பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானே சிறிது மடிந்திருக்கும். நிமிர்ந்து உட்காருபவரின் பாரம் முழுதும் இடுப்பெலும்புகளில் தங்குவதால், ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட்டே உசிதம்.

மலையேற்றமே இல்லாத இந்தச் சமவெளியில் கியர்கள் ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆனால் இங்கே மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள வண்டி, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்தரை மீட்டர் அளவுக்கு ஓடும். ஆடி மாதத்தில் மேல்காற்று முதுகைத் தள்ள, பந்தநல்லூர் வழியாகக் கிழக்கே பூம்புகார் நோக்கிச் செல்கையில் இது ஆனந்தமே. மாலையில் அதே காற்றை மார்பில் ஏந்தித் திரும்புகையில், அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளருவதால், முழங்கால் கெஞ்சத் தொடங்கிவிடும். பின்னே 22 பல் ப்ரீவீலை மாட்டினால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டரே கிடைக்கும். வேகம் குறையும், ஆனால் வீடு வந்து சேரும்வரை பலம் மிஞ்சும்.

ஆதலால் வாங்குகிறவர் முதலில் தம் கால் அளவையும், பின்னர் சாய்வையும், டயரையும், சீட்டையும், பல் எண்ணிக்கையையும் பார்க்கட்டும். கனத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். இருபது கிலோ எடையுள்ள வண்டியானாலும், சமதரையில் ஓடத் தொடங்கிய பிறகு அக்கனம் காலுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.