விவசாயிக்கு மானியம், நமக்கு 5 ரூபா

உர மானியம் கூடினால் அரிசி விலை இறங்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2005இல் 50 கிலோ உர மூடை 350 ரூபாவுக்குக் கிடைக்கத் தொடங்கியபோது விவசாயியின் செலவு குறைந்தது உண்மை. ஆனால் கடைக்கு வரும் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர்கள் நெல்லை வாங்கிக் களஞ்சியப்படுத்தும் பெரிய ஆலைக்காரர்கள்தானே! 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் சரிந்தபோதோ, விலையேற்றம் தாமதமின்றிக் கடைக்கு வந்து சேர்ந்தது.

2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு மொத்த விலை 225, சில்லறை விலை 230 ரூபா என வர்த்தமானி வெளியானது. கிலோவுக்கு 5 ரூபா. வாகனக் கூலி, மூடையில் குறையும் நிறை எல்லாம் அதற்குள்தான். ஆலை கூட்டி விற்று, பில் தர மறுத்தால், நுகர்வோர் விவகார அதிகார சபை அதிகாரிக்குப் பதில் சொல்ல நிற்பவர் சில்லறைக் கடைக்காரர்.