தனித்து வெல்ல முடியாத பந்தயம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டாலடேகா என்ற ஊருக்கு அருகே, கைவிடப்பட்ட விமானப்படைத் தளம் ஒன்று இருந்த நிலத்தில், 1969-இல் ஒரு கார் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 4.28 கிலோமீட்டர். வளைவுகளில் தார்ச்சாலை 33 டிகிரி சாய்ந்து கிடக்கிறது. மனிதர் நடந்து ஏறவே சிரமப்படும் சரிவு அது. ஆண்டுக்கு இருமுறை அந்தச் சரிவில் நாற்பது கார்கள் வரை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றை ஒன்று உரசும் நெருக்கத்தில், 188 சுற்றுகள் ஓடுகின்றன. மொத்தத் தொலைவு 800 கிலோமீட்டர். சூப்பர்ஸ்பீடுவே எனப்படும் இத்தகைய மாபெரும் தடங்களில் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயம் மற்றக் கார் பந்தயங்களிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. மிக வேகமான கார் வெல்லும் என்ற விதி இங்கே செல்லாது. பக்கத்துக் காரின் துணையில்லாமல் யாரும் முன்னேற முடியாது. அந்தப் பக்கத்துக் காரைத்தான் கடைசியில் தோற்கடிக்கவும் வேண்டும்.

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில் கடையில் விற்கும் சாதாரணக் காரையே குறித்தது. அமெரிக்காவின் தென்மாநில மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் வரித்துறை அதிகாரிகளிடமிருந்து தப்புவதற்காகத் தங்கள் கார் இன்ஜின்களைத் தாங்களே செப்பனிட்டு வேகமூட்டினார்கள். யாருடைய வண்டி வேகமானது என்ற போட்டி மண்தடங்களில் பந்தயமாக வளர்ந்தது. ஃபுளோரிடாவின் டேடோனா பீச் நகரில் மெக்கானிக்காக இருந்த பில் ஃபிரான்ஸ், சிதறிக் கிடந்த இந்தப் பந்தயங்களை ஒரே விதிமுறையின் கீழ்க் கொண்டுவர 1947 டிசம்பரில் ஒரு ஹோட்டலில் கூட்டம் கூட்டினார். அடுத்த ஆண்டு பதிவான அந்த அமைப்புதான் நாஸ்கார்.

அப்போது டேடோனாவில் பந்தயம் நடந்தது கடற்கரை மணலில். பாதித் தடம் மணல், மீதி அதை ஒட்டிய நெடுஞ்சாலை. ஃபிரான்ஸ் 1959-இல் நகருக்கு வெளியே 4 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய தடத்தைக் கட்டி முடித்தார். வளைவுகளை 31 டிகிரிக்கு உயர்த்தத் தேவையான மண்ணைத் தடத்தின் நடுவிலேயே தோண்டி எடுத்தார்கள். தோண்டிய பள்ளம் ஏரியாகிவிட்டது. இன்றும் அது அங்கே இருக்கிறது. பத்தாண்டு கழித்து, அதையும் மிஞ்சும் விதமாக அவர் கட்டியதுதான் டாலடேகா.

வளைவு ஏன் சாய்ந்திருக்க வேண்டும்? சமதளச் சாலையில் வேகமாகத் திரும்பும் கார் வெளிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானம் மட்டுமே. சாலையையே உள்நோக்கிச் சாய்த்துவிட்டால், காரைத் திருப்பும் வேலையின் பெரும்பங்கைச் சாலை ஏற்றுக்கொள்கிறது. கார் தரையோடு அழுந்துகிறது, டயரின் பக்கவாட்டுச் சுமை குறைகிறது. இதனால் ஓட்டுநர் வளைவுக்காக பிரேக் போட வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவும் வேண்டியதில்லை. நாஸ்காரின் எல்லாத் தடங்களும் இப்படி அல்ல. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் முதன்முதலாகக் களமிறங்கிய மார்ட்டின்ஸ்வில் தடத்தின் சுற்றளவு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே பந்தயமே பிரேக்கில்தான். டாலடேகாவில் சுற்று முழுதும் மிதித்த கால் மிதித்தபடியே இருக்கலாம். இந்தப் பந்தயத்தின் விசித்திரங்கள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

தொடக்கத்திலேயே அந்த வேகம் அச்சுறுத்தியது. 1969 செப்டம்பரில் டாலடேகாவின் முதல் பந்தயத்துக்கு வந்த ஓட்டுநர்கள், பயிற்சி ஓட்டத்தில் டயர்கள் கிழிந்துபோவதைக் கண்டார்கள். ரிச்சர்ட் பெட்டி தலைமையிலான ஓட்டுநர் சங்கம் பந்தயத்தைத் தள்ளிவைக்கக் கேட்டது. ஃபிரான்ஸ் மறுத்தார். முன்னணி ஓட்டுநர்கள் பெரும்பாலும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். எஞ்சியவர்களைக் கொண்டு நடந்த அந்தப் பந்தயத்தை ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் என்ற இளைஞர் வென்றார். உயிரைப் பணயம் வைப்பவர்கள் எழுப்பிய அந்தக் கோரிக்கை நியாயமானது.

வேகம் அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போனது. 1970-இல் பட்டி பேக்கர் டாலடேகாவில் மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர் என்ற எல்லையைத் தாண்டினார். 1987-இல் தகுதிச் சுற்றில் பில் எலியட் எட்டிய வேகம் 342 கிலோமீட்டர். அந்தச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. முறியடிக்க விடக்கூடாது என்று விதிகளே மாற்றப்பட்டுவிட்டன. காரணம், அதே வாரத்தில் நடந்த பந்தயம். பாபி ஆலிசனின் காரில் பின் டயர் வெடித்தது. கார் சுழன்று காற்றில் எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னிருந்த பாதுகாப்பு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய், மறுபடி தடத்திலேயே விழுந்தது. பார்வையாளர் சிலர் காயமடைந்தார்கள். இன்னும் சற்று உயரே போயிருந்தால் கார் கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்திருக்கும். ஆலிசன் உயிர் தப்பினார். அன்று பந்தயத்தை வென்றவர் அவருடைய மகன் டேவி.

1988 முதல் டேடோனாவிலும் டாலடேகாவிலும் எல்லாக் கார்களின் இன்ஜினிலும் ஓர் அலுமினியத் தகடு கட்டாயமானது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே பொருத்தப்படும் அந்தத் தகட்டில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக எவ்வளவு காற்று போகுமோ அவ்வளவுதான் எரிபொருளும் எரியும். ஆகவே சக்தி குறைகிறது. 2019-இல் அந்தத் தகட்டின் இடத்தில் துளைகள் குறுகலாகச் சரியும் வேறு பாகம் வந்துவிட்டது, நோக்கம் ஒன்றே. 2022-இல் அறிமுகமான இப்போதைய கார்களின் வி-8 இன்ஜின் மற்றத் தடங்களுக்காக 670 குதிரைச் சக்தியில் வடிவமைக்கப்பட்டது. சூப்பர்ஸ்பீடுவேயில் அதுவே 510 ஆகக் கட்டுப்படுத்தப்படுகிறது.

வேகம் குறைந்தது. ஆனால் யாரும் எதிர்பாராத விதத்தில் ஆபத்து வேறு வடிவம் எடுத்தது. சக்தி சமமான நாற்பது கார்கள், காலை எடுக்கத் தேவையே இல்லாத தடம். விலகிப் போக ஒருவருக்கும் வழியில்லை. எல்லாக் கார்களும் இரண்டு வரிசையாக, மூன்று வரிசையாக, சில சமயம் நான்கு வரிசையாக ஒரே கூட்டமாக ஓடத் தொடங்கின.

அந்தக் கூட்டத்தை இறுக்கிக் கட்டி வைத்திருப்பது காற்று. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் முன்னால் போகும் லாரியின் பின்னே ஒண்டிக்கொண்டால் மிதிப்பது சட்டென்று இலேசாகும். அதே உத்திதான் இங்கே டிராஃப்டிங். இதைப் பந்தயத்தில் முதலில் திறம்படப் பயன்படுத்தியவர் ஜூனியர் ஜான்சன். வட கரோலினாவில் சாராயம் காய்ச்சிய குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குற்றத்துக்காகச் சிறைக்கும் போய்வந்தவர். 1960-இல் டேடோனாவில் அவருக்குக் கிடைத்த செவ்ரலே கார், போட்டியாளர்களின் போன்டியாக் கார்களைவிடத் தெளிவாக வேகம் குறைந்தது. ஆனால் பயிற்சியின்போது ஒரு போன்டியாக்கின் பின்னால் ஒட்டிக்கொண்டபோது தன் கார் அதனோடு சேர்ந்தே ஓடுவதைக் கவனித்தார். பந்தயத்தில் அதையே செய்தார், வென்றார்.

முன்செல்லும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்வரும் காருக்குத் தடை குறைகிறது. இது எளிதில் புரியும். முன்செல்லும் காருக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதுதான் வியப்பு. தனியாக ஓடும் காரின் வால்பகுதிக்குப் பின்னே காற்றழுத்தம் குறைந்து, அது காரைப் பின்னோக்கி இழுக்கும். இன்னொரு கார் அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டால் அந்த இழுவை தணிகிறது. ஆகவே இரண்டு கார்கள் சேர்ந்தால் இரண்டுமே தனித்தனியே ஓடுவதைவிட வேகமாக ஓடும். வரிசை நீளும்தோறும் வேகமும் கூடும்.

இதன் விளைவைப் பார்க்கவேண்டும். இரண்டாவதாக வரும் ஓட்டுநர் முதலாமவரை முந்த நினைத்து வரிசையிலிருந்து விலகினால், அந்தக் கணமே முழுக் காற்றும் அவர் காரில் மோதும். பின்னாலிருப்பவர் அவரைத் தொடர்ந்து வந்தால் இருவரும் முன்னேறலாம். வராமல் பழைய வரிசையிலேயே இருந்துவிட்டால், விலகியவர் சில நொடிகளில் பத்து, பதினைந்து இடங்கள் பின்னுக்குப் போய்விடுவார். துணிவது ஒருவர், முடிவு அவர் பின்னால் இருப்பவர் கையில். அதனால் ஒரே அணியினரும், செவ்ரலே, ஃபோர்டு, டொயோட்டா என ஒரே நிறுவனத்தின் கார்களை ஓட்டுபவர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அந்த உடன்பாடு கடைசிச் சுற்றுவரை தாங்குவது அரிது.

பக்கவாட்டிலும் காற்றை ஆயுதமாக்கலாம். போட்டியாளரின் பின்சக்கரத்துக்கு அருகே தன் காரின் மூக்கைக் கொண்டுபோனால், திசைமாறும் காற்று அவர் காரின் வால்பகுதியில் உள்ள ஸ்பாய்லர் தகட்டில் மோதி வேகத்தைக் குறைக்கும். முன்காரின் பின்பகுதியைத் தன் முன்பகுதியால் முட்டித் தள்ளுவதும் உண்டு. நேராகத் தள்ளினால் இருவருக்கும் லாபம். வளைவில் சற்றுக் கோணலாகத் தள்ளிவிட்டால் முன்கார் சுழன்றுவிடும்.

இவ்வளவையும் ஓட்டுநர் தன் கண்ணால் மட்டும் பார்த்துச் செய்ய இயலாது. தலையை அசையவிடாத இருக்கை, தலைக்கவசம், சுற்றிலும் எஃகுக் கூண்டு. வெப்பமோ 50 டிகிரியைத் தொடும். எனவே அரங்கத்தின் உச்சியில் ஒவ்வொரு காருக்கும் ஒருவர் நின்று வானொலியில் வழிசொல்கிறார். ஸ்பாட்டர் என்பது அவர் பெயர். உள்ளே ஒருவன், வெளியே ஒருவன், பின்னால் வேகமாக ஒரு வரிசை வருகிறது என்று மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டுநரின் இன்னொரு ஜோடிக் கண் அவர். அவர் அரைநொடி தாமதித்தால் விபத்து.

எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் தடத்தை ஒட்டிய பிட் பகுதிக்கு வருவதிலும் இதே கூட்டுறவு உண்டு. தனியாக வந்து தனியாகத் தடத்துக்குத் திரும்பும் கார், டிராஃப்ட் இல்லாமல் கூட்டத்திடம் பிடிபட்டுவிடும். அதனால் ஏழெட்டுக் கார்கள் சேர்ந்தே உள்ளே நுழைந்து சேர்ந்தே வெளியேறுகின்றன. அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழக்கமும் வந்திருக்கிறது. முந்துவது கடினமாகிவிட்டதால், பிட்டில் நிற்கும் நேரத்தைக் குறைக்க எல்லாரும் எரிபொருளைச் சேமிக்கிறார்கள். முன்வரிசையினர் ஆக்ஸிலரேட்டரைப் பாதிதான் மிதிக்கிறார்கள். பின்னால் வரும் மொத்தக் கூட்டமும் அந்த மெதுவான வேகத்திலேயே சிக்கிக்கொள்கிறது. உலகின் மிக வேகமான தடங்களுள் ஒன்றில் நாற்பது பேரும் வேகத்தை அடக்கி ஓட்டுவதைக் காண ரசிகர்கள் நுழைவுச்சீட்டு வாங்கவில்லை. அவர்களின் கோபம் சரியானதே.

கூட்டமாக ஓடுவதற்குக் கொடுக்கும் விலை பெரியது. ஒரு கார் தடுமாறினால் பின்னால் வருபவர்களுக்கு விலக இடமும் இல்லை, நேரமும் இல்லை. இருபது, இருபத்தைந்து கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதும் இந்த விபத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘பிக் ஒன்’. 2024 அக்டோபரில் டாலடேகாவில் பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருந்தபோது ஒரே விபத்தில் 28 கார்கள் சிக்கின.

பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவும் இத்தகைய துயரங்களுக்குப் பிறகே வந்தன. பின்னோக்கித் திரும்பும் கார் விமானச் சிறகுபோல் மேலெழும்புவதைத் தடுக்க, தானாகத் திறந்துகொள்ளும் மடிப்புகள் 1994-இல் கூரையில் பொருத்தப்பட்டன. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழுமுறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. பார்ப்பதற்குச் சாதாரண மோதல்தான். ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் இறந்தார். தலையும் கழுத்தும் திடீரென முன்னோக்கி வீசப்படாமல் தாங்கிப் பிடிக்கும் சாதனம் அந்த ஆண்டே கட்டாயமானது. எஃகுக் குழாயும் நுரைப்பஞ்சும் கொண்டு மோதலின் விசையை உள்வாங்கும் சுவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் தடங்களில் அமைக்கப்பட்டன. எர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடரில் எந்த ஓட்டுநரும் பந்தயத்தில் இறக்கவில்லை. 2020 டேடோனா 500-இன் கடைசி நேர்ப்பாதையில் ரயன் நியூமனின் கார் கவிழ்ந்து, இன்னொரு கார் ஓட்டுநர் பக்கமே வந்து மோதியது. இரண்டே நாளில் அவர் தம் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார்.

கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பவர் நிம்மதியாக இருக்க முடியாது. பின்னாலிருந்து வேகம் திரட்டி வருபவரைத் தடுக்க அவர் இடமும் வலமும் நகர்ந்து பாதையை மறிக்கவேண்டும். தடத்தின் உள்விளிம்பில் உள்ள இரட்டை மஞ்சள் கோட்டுக்குக் கீழே இறங்கி முந்தினால் அது செல்லாது. முடிவு சில சமயம் நூலிழையில்தான் தீர்மானமாகும். 1959-இல் நடந்த முதல் டேடோனா 500-இன் முடிவைப் புகைப்படங்களை ஆராய்ந்து, மூன்று நாள் கழித்துத்தான் அறிவிக்க முடிந்தது. லீ பெட்டி வென்றதாகத் தீர்ப்பானது. 2011-இல் டாலடேகாவில் ஜிம்மி ஜான்சன் வென்றது நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில்.

பெரிய அணிகளின் பணபலம் மற்றத் தடங்களில் செல்வதுபோல் இங்கே செல்வதில்லை. 2011 டேடோனா 500-ஐ வென்ற டிரெவர் பேனுக்கு முந்தைய நாள்தான் இருபது வயது நிறைந்திருந்தது. முதன்மைத் தொடரில் அது அவருக்கு இரண்டாவது பந்தயம். 2021 அக்டோபரில் டாலடேகாவில் மழை பந்தயத்தைப் பாதியில் நிறுத்தியபோது முன்னணியில் இருந்தவர் பப்பா வாலஸ். 1963-இல் வென்ற வெண்டல் ஸ்காட்டுக்குப் பின் முதன்மைத் தொடரில் வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர் அவர். அதே ஆண்டு பிப்ரவரியில் டேடோனா 500-இன் கடைசிச் சுற்றில், முன்னால் ஓடிய இருவரும் மோதிக்கொண்டு சுழல, அவர்களின் பின்னால் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த மைக்கேல் மெக்டவல் நடுவே புகுந்து வென்றார். அது அவருடைய 358-ஆவது பந்தயம், முதல் வெற்றி.